என் கண் போட்ட கோடு

மகனே,

இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் எழுது என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். இந்த வீட்டில் இப்போது யாரும் சுகமாக இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ பெங்களூரில் ஆபீஸ் வராந்தாவில் நின்றுகொண்டு, "சரிப்பா, அப்புறம் பேசுதேன்" என்று பாதியில் வைத்துவிடுவாய். வைத்துவிட்டானே என்று நானும் உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதம் எடுத்தேன். வலது கைக் கட்டைவிரல் மூட்டு வீங்கியிருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக, தண்டவாளம் மாற்றும் லீவர் இழுத்த கை, பேனாவுக்கு மட்டும் முரண்டு பிடிக்கிறது. விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குப் பேசி முடித்திருக்கும் பெண்ணின் அப்பா திருநெல்வேலியிலிருந்து போன் செய்தார். மண்டபம், சமையல்காரர் என்று பேசிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, மாப்பிள்ளை ஒளிவுமறைவு இல்லாத ஆளு. கேக்கதுக்கு முன்னாடி அவரே சொல்லிட்டாரு. மூத்தவருக்கு இருக்க சீக்கு அம்மா வழியில வந்ததாம்லா. அப்பா வழியில ஒண்ணும் கெடையாதுன்னாரு. எங்களுக்கு அது போதும்." நம் வீட்டுப் போன் பழசு, எதிர்முனையில் பேசுவது அடுக்களை வரை கேட்கும். உன் அம்மா இரண்டடி தள்ளி உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் "ஆமா" என்றேன். ஒரே ஒரு வார்த்தை.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. காய் முழுவதையும் நறுக்கி முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். "பத்திரிகை வைக்க எழுதி வச்சிருக்க லிஸ்டுல எங்க அண்ணன் பேரை அடிச்சிருங்க. அவிய வந்தா சபையில எல்லாரும் அவியளைத்தான் உத்து உத்துப் பாப்பாவ" என்றாள். தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணம்! நாகலாபுரத்து மாமா உன்னை மடியில் உட்கார வைத்துக் காது குத்தியவர். நான் பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை, மூடி வைத்தேன்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ பொய் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் காதில் விழுந்ததை நம்பினாய், நம்பியதைச் சொன்னாய். நம்ப விட்டவன் நான். அது எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

உன் அண்ணன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அது தொடங்கியது. நீ அப்போது ஏழாம் வகுப்பு. மில் சங்கு ஊதினால் அது தன் பெயரைச் சொல்லித்தான் ஊதுகிறது என்றான். குளிக்க மாட்டேன் என்றான். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு யாருக்கோ பதில் சொல்வான். நாங்களும் எல்லாரும் செய்கிறதைச் செய்தோம். திருநீறு போட்டோம், கயிறு கட்டினோம், ஒரு வருடத்தை வீணாக்கினோம். பிறகுதான் திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தார். சத்தங்கள் அடங்கின. ஆனால் பழைய பையன் முழுசாகத் திரும்பி வரவில்லை. மனச்சிதைவு என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்தவுடன் ஊரும் சொந்தமும் கேட்ட முதல் கேள்வி, இது யார் வழி என்பதுதான். உன் அம்மாவின் சித்தப்பா ஒருவர், நாகலாபுரத்திலிருந்து விளாத்திகுளம் ரோட்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்து நடந்தே காலத்தைக் கழித்தவர். அது போதுமானதாக இருந்தது. கயத்தாறு அத்தை, என்னோடு பிறந்தவள்தான், தீர்ப்பே எழுதிவிட்டாள்.

திருநெல்வேலி டாக்டர் எங்களைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இந்த நோய் உள்ளவர்களையும் அவர்களுடைய அப்பா அம்மாவையும் வைத்து ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். கண் ஆராய்ச்சி. மண்டையில் வந்த நோய்க்குக் கண்ணில் என்ன தேடுகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டோம். நீ அந்த நாலு நாள் கயத்தாற்றில் அத்தை வீட்டில் இருந்தாய்.

தாடையை ஒரு கட்டையில் ஊன்றி, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டி உட்கார வைத்தார்கள். தலை அசையக் கூடாது. கண் ஓரங்களில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். எதிரே ஒரு வெளிச்சப் புள்ளி இடமிருந்து வலம் போகும், வலமிருந்து இடம் வரும், ஊஞ்சல் மாதிரி, அவசரமே இல்லாமல். அதைக் கண்ணால் தொடர வேண்டும், அவ்வளவுதான். கண் போகிற போக்கை ஒரு பேனா காகிதத்தில் கோடாக இழுத்துக்கொண்டே வந்தது. உன் அண்ணனுக்கு எடுத்தார்கள், உன் அம்மாவுக்கு எடுத்தார்கள், கடைசியில் எனக்கு.

இரண்டு நாள் கழித்து, ஆராய்ச்சி செய்த டாக்டரம்மா கூப்பிட்டார். உன் அண்ணன் அந்த அறைக்குள் இருக்க முடியாது என்று அடம்பிடித்ததால் உன் அம்மா அவனோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நான் மட்டும். மேசையில் மூன்று காகிதம் விரித்திருந்தது. ஒன்றில் கோடு வளைந்து வளைந்து வழுவழுவென்று போயிருந்தது, அலை மாதிரி. மற்ற இரண்டிலும் அதே அலைதான், ஆனால் படிக்கட்டு வெட்டினதுபோல் திக்கித் திக்கிப் போயிருந்தது. வழுவழுப்பான கோடு உன் அம்மாவுடையது. படிக்கட்டில் ஒன்று உன் அண்ணனுடையது, இன்னொன்று என்னுடையது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ரயில்வேல எத்தனை வருசமா கண்ணு டெஸ்ட் வைக்காவ, ஒருவாட்டி கூட நான் தோத்ததில்ல தெரியுமா? தூரத்துல வார சிக்னல் மொதல்ல என் கண்ணுக்குத்தான் தெரியும்" என்றேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "பார்வை நல்லா இருக்குங்க. அது வேற. போற பொருளோட கண்ணு எப்படிக் கூடப் போகுதுங்கறதை இது காட்டுது." நான் விடவில்லை. ஓடுகிற கூட்ஸை எதிர்நின்று பார்ப்பது எங்கள் வேலை. எந்த வேகனில் அச்சு சூடாகிப் புகைகிறது, எதில் சங்கிலி தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கண் ஒரு வேகனோடு போகும், அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். அந்தப் பழக்கத்தில் வந்த கோடு இது என்று வாதாடினேன். அவர் சிரித்துவிட்டார். "ஓடுற ரயிலைப் பார்த்தா எல்லார் கண்ணும் அப்படித்தான் தாவும், என் கண்ணும் தாவும். இங்க ஒரே புள்ளிதானே, அதுவும் மெதுவா. கூடவே வழுக்கிக்கிட்டுப் போகணும். உங்க கண்ணு கொஞ்சம் பின்தங்கி, அப்புறம் தாவிப் பிடிக்குது. உங்க மகன் கண்ணும் அப்படித்தான் செய்யுது."

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். அதை நீ இரண்டு தடவை படி. "இது நோய் இல்லை. நோய் வந்த குடும்பங்கள்ல, எந்தக் குறையும் இல்லாம நல்லா வேலை பார்க்கிறவங்க சிலபேருக்கும் இப்படி இருக்கு. நோயே இல்லாத குடும்பத்துலயும் சிலபேருக்கு இருக்கும். இதை வச்சு யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு சொல்ல முடியாது. யார் மேலயும் பழி போடவும் முடியாது. பரம்பரையா ரத்தத்தோட வர்ற ஓர் அடையாளமா இருக்குமோன்னு தேடிக்கிட்டிருக்கோம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் இதை வச்சுச் சண்டை போட்டுக்காதீங்க."

வெளியே வந்தேன். உன் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். என் முகத்தையே பார்த்தாள். "என்ன சொன்னாவ? எனக்கு எப்படி இருக்காம்? எங்க சித்தப்பா மாதிரி ஏதும் இருக்காமா?" என்று கேட்டாள். நேரடியான கேள்வி. உனக்கு ஒன்றும் இல்லை, கோணல் எனக்குத்தான் என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான், "எல்லாருக்கும் ஒரே மாதிரிதானாம். ஆராய்ச்சிதான, தெளிவா ஒண்ணும் தெரியலையாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ரயிலால் வந்த பழக்கம் அது, கணக்கில் சேராது என்பதுதான் அதில் பெரிய சமாதானம். டாக்டரம்மா இல்லை என்று சொன்ன பிறகும் அதையே பிடித்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால் வெட்கம். சொந்தக்காரர்கள் உன் அம்மாவைப் பார்க்கிற அதே பார்வையில் என்னையும் பார்ப்பார்களே என்ற பயம். அந்தப் பார்வைக்கு அவள் பழகிவிட்டாள், அவளே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். உனக்கு ஞாபகம் இருக்கும், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். மாமா முதல் பஸ்ஸில் வந்தார். செருப்பெல்லாம் கரிசல் அப்பியிருந்தது. ஒரு குத்துவிளக்கும் ஒரு சாக்கு உளுந்தும் கொண்டுவந்தார். கயத்தாறு அத்தை வாசலிலேயே மறித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏலே தம்பி, இங்கன வா. அந்த வீட்டு வெளக்கு இந்த வீட்டுல எரியப்படாது. அந்த ரத்தத்தாலதான நம்ம புள்ள இப்படிக் கெடக்கான்?" அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் குனிந்து அடுப்புக் கல்லைச் சரிசெய்தேன். கல் நேராகத்தான் இருந்தது. மாமா சத்தம் போடவில்லை. "சரி மாப்பிள்ளை, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாய் பால்கூடக் குடிக்கவில்லை. அன்றிலிருந்து உன் அம்மா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அது உனக்குச் செய்தது. நீ வீட்டுப்பாடம் எழுதும்போது நான் எதிரே உட்கார்ந்து பேனாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவேன். "எதுக்குப்பா ஆட்டுதீங்க?" என்று கேட்பாய். கண்ணாடி போட வேண்டியிருக்குமோ என்று பார்க்கிறேன் என்பேன். ஒரு லீவு நாளில் உன்னை மணியாச்சிக்குக் கூட்டிப் போனேன். வடை வாங்கிக் கொடுத்து பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார வைத்தேன். கூட்ஸ் வண்டி ஓடும்போது நீ வேகன்களை எண்ணினாய். எத்தனை சந்தோஷம் உனக்கு! அப்பா தன் வேலை இடத்தைக் காட்டக் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்தாய். நான் வண்டியையும் பார்க்கவில்லை, உன் சந்தோஷத்தையும் பார்க்கவில்லை. உன் கருவிழி தாவுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாவியது. நோய் உனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். ஓடுகிற ரயிலைப் பார்த்தால் எல்லார் கண்ணும் தாவும் என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. என் வசதிக்கு அந்த ரயிலைச் சாக்காக வைத்துக்கொண்ட நானே, உன் விஷயத்தில் அதை மறந்து போனேன். நீ காலேஜுக்குப் போகும்வரை உன் முகத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். "ஏன் அப்பா எப்பவும் என்னை மொறைக்காரு?" என்று நீ அம்மாவிடம் கேட்டதும் என் காதில் விழுந்தது. மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலையில் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் பொத்தி வைத்த விஷயத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவள் கையில் இருந்த வத்தலைக் கீழே போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. களைத்துப்போய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

"அவனுக்கு ரெண்டு வேளையும் மாத்திரை எடுத்துக் குடுக்கேன்லா. ஒவ்வொரு வாட்டியும் மனசுக்குள்ள, எய்யா, எங்க வீட்டு ரத்தத்தை உனக்குக் குடுத்துட்டேனே, என்னைய மன்னிச்சிருய்யான்னு கேட்டுட்டுத்தான் குடுக்கேன். ஒருநாள் விட்டதில்ல" என்றாள்.

நான், "டாக்டரம்மா யார் மேலயும் குத்தமில்லன்னுதான் சொன்னாவ" என்றேன்.

"அதை அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, எங்க அண்ணன் இந்த வீட்டுல ஒருவாய் சோறாவது தின்னிருப்பாவல்லா?"

கீழே போட்ட வத்தலை எடுத்துப் பரப்பிக்கொண்டே அவளே சொன்னாள்: "எனக்குச் சொன்னது போதாது. போன்ல யார்கிட்ட ஆமான்னு சொன்னீங்களோ, அவியகிட்ட இல்லைன்னு சொல்லுங்க."

சொன்னேன். அன்றைக்கே போன் செய்து பெண்ணின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை மேல் தப்பில்லை, அவனுக்கு எதுவும் தெரியாது, அவன் அம்மா மேல் பழி வந்ததற்கு நான்தான் காரணம் என்றேன். டாக்டரம்மா சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், "யோசிச்சுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார். இன்றைக்கு நாலு நாள். இன்னும் போன் வரவில்லை. உன் கல்யாணத்தை உன் அப்பாவே கலைத்துவிட்டானோ என்று எனக்கே தெரியவில்லை. இதை நீ வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது. கோபம் வந்தால் என்மேல் காட்டு. உன் அம்மாவிடம் காட்டாதே.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் நீயே பேசு. அவள் அப்பாவை இடையில் வைக்காதே. உன் அண்ணன் நோயை அம்மா வழி, அப்பா வழி என்று பங்கு வைக்காமல் சொல். என் கோட்டைப் பிடித்துக்கொண்டு இனிமேல் அப்பா வழி என்று ஆரம்பித்தாலும் அதுவும் அதே தப்புதான். உன் கண் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கிற உரிமை எனக்கு இருந்ததும் இல்லை. அவளுக்குப் பயம் இருந்தால் இரண்டுபேரும் ஒரு நல்ல டாக்டரிடம் போய்க் கேளுங்கள். உள்ளே ஒருவர், வெளியே பெஞ்சில் ஒருவர் என்று இல்லாமல் சேர்ந்தே உட்கார்ந்து கேளுங்கள். அப்புறமும் அவள் வேண்டாம் என்றால், சரி என்று எழுந்து வந்துவிடு. அவளைத் திட்டாதே. வலிக்கும். எனக்கும் வலிக்கும்.

நாளைக் காலையில் நாகலாபுரம் போகிறேன். கையில் பத்திரிகை இல்லை, கல்யாணமே உண்டா இல்லையா என்று தெரியாதபோது எதைக் கொண்டுபோவது? மாமாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவேன். கூட வருகிறாயா என்று உன் அம்மாவைக் கேட்டேன். "நீங்க மொதல்ல போய் நின்னுட்டு வாங்க" என்றாள். கயத்தாறுக்கும் ஒருநாள் போக வேண்டும். அத்தை என்னை என்ன கேட்பாள் என்று இப்போதே தெரிகிறது. அதற்குக் கொஞ்சம் தெம்பு வர வேண்டும்.

இதுவரை எழுதி இன்று மதியம் நிறுத்தியிருந்தேன். சாயங்காலம் உன் அண்ணன் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டிவிட்டு வந்தான். இப்போதெல்லாம் ஒருநாள்கூட மட்டம் போடுவதில்லை. உன் அம்மா மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மாத்திரையை எடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன். அவளைப் போல மனதுக்குள் கேட்க எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டே, "என்னைய மன்னிச்சிருய்யா" என்றேன். அவன் மாத்திரையை விழுங்கிவிட்டு, "எதுக்குப்பா?" என்றான். அவனிடம் இதையெல்லாம் சொன்னால் தாங்குவானா என்று நாங்கள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததுகூட இல்லை. அவனைப் பற்றிய பேச்சு எல்லாமே அவனுக்குக் கேட்காமல்தான் நடந்திருக்கிறது. சொன்னேன். மூன்று காகிதம், மூன்று கோடு, மாமா திரும்பிப் போனது, எல்லாம். அவன் நடுவில் எழுந்து போகவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அம்மாட்ட சொல்லிட்டீங்களா?" என்றான். சொல்லிட்டேன் என்றேன். "தம்பிட்ட?" என்றான். பாதி எழுதி வச்சிருக்கேன், முடிக்க முடியல என்றேன்.

"எழுதி முடிங்கப்பா" என்றான். எழுந்து போய், மூடி வைத்திருந்த பேனாவை எடுத்துக்கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் எழுதி முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

உன்
அப்பா